கைராசிக்காரனும் போர்வெல் தண்ணீரும்

இப்போது பாக்டீரியாவை வளர்க்கவே வேண்டாமாம். கடற்பஞ்சில் ஒரு துண்டை நறுக்கி அரைத்து, அதிலிருக்கும் டி.என்.ஏ. மொத்தத்தையும் இயந்திரத்தில் கொடுத்தால், உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று அதுவே பட்டியல் போட்டுவிடுகிறதாம். போன மாதம் நான் வேலை பார்த்த கல்லூரித் துறைக்குப் போயிருந்தபோது ஆய்வு மாணவர்கள் சொன்னார்கள். "அப்ப தட்டு ஊத்தறது, கோடு இழுக்கறது எல்லாம் இல்லீங்களா?" என்று கேட்டேன். "இருக்குதுங்கண்ணா. ஆனா அதுக்குப் பொறுமை யாருக்குங்க இருக்குது?" என்றான் ஒருவன். துறை மலருக்கு ஏதாவது எழுதித் தந்தே ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டதும் அந்தப் பிள்ளைகள்தான். சாதனை என்று எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு தப்பு இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, வேலந்தாவளம் போகிற வழியில். தோட்டத்து வீடு, கொஞ்சம் தென்னை, மழை பெய்தால் நிலக்கடலை, ஒரு போர்வெல். பாலக்காட்டில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் லேப் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தேன். முதல் ஐந்து வருடம் கண்ணாடிச் சாமான் கழுவினேன். அடுத்த ஐந்து வருடம், மற்றவர்கள் கழுவியது சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். எங்கள் துறைக்கு வேலை கடற்பஞ்சில் என்று சொன்னால் என் மாமனார் விழுந்து விழுந்து சிரிப்பார். "பாலக்காட்டுல கடல் எங்கீங்க மாப்பிள்ளை இருக்குது? மலம்புழா டேமுக்குப் பின்னாலீங்களா?" என்பார்.

அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. விழிஞ்ஞம் கடலில் முக்குளிப்பவர்கள் பாறையிலிருந்து அறுத்தெடுத்த கடற்பஞ்சுகள், ஐஸ் பெட்டியில் ரயிலேறி எங்களிடம் வரும். பஞ்சு என்று பெயர் இருந்தாலும் அது பிராணி. பார்த்தால் செடி மாதிரி இருக்கும், தொட்டால் ஊறிய தேங்காய் மட்டை மாதிரி இருக்கும். நாள் முழுவதும் கடல் நீரை உறிஞ்சி வடிகட்டி வெளியே விடுவதுதான் அதற்குத் தொழில். அதன் துளைகளுக்குள் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. அவற்றில் சில வேறு எங்கும் இல்லாதவை, யாரும் பெயர் வைக்காதவை. அவற்றைக் கண்டுபிடித்துத் தட்டில் வளர்த்து, இது புதிது என்று நிரூபிப்பதுதான் எங்கள் வேலை. புதிதிலிருந்து புது மருந்து கிடைக்கலாம் என்பது பெரியவர்களின் கணக்கு. எனக்கு அந்தப் பெட்டியைத் திறந்ததும் அடிக்கும் அழுகிய பூண்டு நாற்றம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

துறைத் தலைவர் விசாலாட்சி டீச்சர். கல்பாத்திக்காரர். கைத்தறிச் சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, காலில் ரப்பர் செருப்பு. காலையில் வந்ததும் டீ குடிக்க மாட்டார். வளர்தட்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, பார்த்ததை நோட்டில் எழுதிய பிறகுதான் டீ. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அவர் கேட்பது ஒரே கேள்வி: "எழுதியாச்சோ?" நோட்டில் பென்சில் கூடாது. தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதி போட்டு ஒப்பு வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகல் எல்லார் நோட்டையும் வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். "தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்கோ. அதுவும் ஒரு ரிசல்ட்டாக்கும்" என்பார்.

கடற்பஞ்சை நாங்கள் கையாண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன், இனிமேல் யாரும் செய்யப் போவதில்லை என்பதால். கிருமி நீக்கிய உப்பு நீரில் மூன்று முறை அலசி, மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டு, உள்சதையில் விரல் நுனி அளவு வெட்டி எடுப்போம். கல்வத்தில் வைத்து மைய அரைத்து, பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று கரைப்போம். ஒவ்வொரு கரைசலிலும் ஒரு சொட்டை எடுத்துத் தட்டில் விட்டு, வளைந்த கண்ணாடிக் கம்பியால் தோசை மாவு மாதிரி பரப்புவோம். தட்டில் இருப்பது அகார் என்ற கூழ். கடல் நீருக்குப் பதிலாக, காய்ச்சி வடித்த சுத்த நீரில் கடலில் உள்ள உப்புகளை அளந்து கலந்து, அதில் தீனி கொஞ்சம் போட்டுக் காய்ச்சியது. தீனி அதிகம் போட்டால் எங்கும் வளர்கிற முரட்டுக் கிருமிகள் தட்டு முழுக்கப் படர்ந்துவிடும். கூச்சக்காரர்களுக்குக் குறைவாகத்தான் போட வேண்டும், ஆறு வாரம் வரை காத்திருக்க வேண்டும். கூழ் தயாரித்து ஊற்றுவது என் பொறுப்பு.

அந்த வருடம் கோடை பொல்லாத கோடை. கல்லூரிக் கிணறு வற்றி, டேங்கர் லாரியில் தண்ணீர் வந்தது. அதில் பிளீச்சிங் பவுடர் நாற்றம் அடித்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் எங்கள் கருவியின் சூடேற்றும் கம்பிச்சுருள், அதாவது காயில், உப்புப் படிந்து எரிந்து போனது. புதுக் காயில் வேண்டும் என்று ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தேன். ஆபீஸ் என்றால் உங்களுக்குத் தெரியும்தானே? அது அதன் வேகத்தில் நடக்கும். ஐஸ் பெட்டியில் பஞ்சு வந்து இறங்கிவிட்டது, அது காத்திருக்காது. நான் என்ன செய்தேன் என்றால், வீட்டு போர்வெல் தண்ணீரை ஐந்து லிட்டர் கேனில் பிடித்துக்கொண்டு வந்து, கொதிக்க வைத்து வடிகட்டி, அதில் உப்புகளைக் கலந்து கூழ் காய்ச்சினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. நோட்டில் 'வடித்த நீர்' என்று எழுதினேன். வழக்கமாக எழுதுகிற வார்த்தை, கை தானாக எழுதிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பலாம். நான் நம்ப மாட்டேன். போர்வெல் தண்ணீர் என்று எழுதினால் டீச்சர் அத்தனை தட்டையும் கொட்டச் சொல்லியிருப்பார்.

நான்காவது வாரம் ஒரு தட்டில் அது வந்தது. கடுகில் பாதி இருக்கும், மங்கலான ரோஜா நிறம், மேலே லேசான சுருக்கம். முதலில் பார்த்தது ஸ்டெல்லா. சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துப் பெண், பெற்றோர் இருவரும் அங்கே தோட்டத் தொழிலாளர்கள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். விசாலாட்சி டீச்சரிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். "அண்ணே, இங்கன வாங்களேன். இது நம்ம பாத்ததுல எதுலயும் சேரலயே" என்று கூப்பிட்டாள். கம்பி வளையத்தைத் தீயில் சிவக்கக் காட்டி ஆற வைத்து, அந்தப் பொட்டைத் தொட்டெடுத்து, அது மட்டும் தனியாக வளரப் புதுத் தட்டில் கோடு இழுத்தேன். அதன் ஜீனை வாசிக்க அனுப்பினோம். உலகத்தில் பெயர் வைத்த பாக்டீரியாக்களில் எதனோடும் போதுமான அளவு ஒத்துப்போகவில்லை என்று பதில் வந்தது. டீச்சர் தாளை இரண்டு முறை படித்தார். "புதுசா இருக்கலாம். இருக்கலாம்னுதான் எழுதணும்" என்றார். ஸ்டெல்லா அன்றைக்கு எனக்கு இரண்டு டீ வாங்கிக் கொடுத்தாள்.

இதற்குள் மழை வந்தது, கருவிக்குப் புதுக் காயிலும் வந்தது. வடித்த நீரில் ஒழுங்காகக் கூழ் காய்ச்சி, ரோஜாப் பொட்டை அதில் கோடு இழுத்தேன். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தேன், அப்போதும் வரவில்லை. மீதமிருந்த பழைய தட்டில் இழுத்தேன், வந்தது. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். பாதி புரிந்தது. திங்கட்கிழமை ஊரிலிருந்து வரும்போது மறுபடியும் கேனில் தண்ணீர் கொண்டு வந்தேன். இந்த ஒரு கிருமிக்கு மட்டும் அந்தத் தண்ணீர். நோட்டில் மட்டும் பழையபடி 'வடித்த நீர்'.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்றால், அதற்குள் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. ஸ்டெல்லா தானே கூழ் காய்ச்சி இழுத்தால் தட்டு மொட்டையாகக் கிடக்கும். நான் காய்ச்சி இழுத்தால் பொட்டுப் பொட்டாக வரும். "பழனியண்ணனுக்குக் கைராசி" என்றார்கள். பக்கத்துத் துறையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு விரிவுரையாளர் தன்னுடைய காளான் விதையை என் கையால் போடச் சொல்லிக் கேட்டார், நானும் போட்டேன், வந்தும் தொலைத்தது. இத்தனை வருடம் கண்ணாடி கழுவியவனை யாராவது இப்படிக் கொண்டாடினால் வேண்டாம் என்று சொல்ல மனசு வருமா? எனக்கு வரவில்லை. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "கைராசின்னு ஒரு கெமிக்கல் என் அலமாரியில கிடையாது" என்றார்.

ஒரு பாக்டீரியாவைப் புதிய இனம் என்று உலகம் ஒப்புக்கொள்ள ஒரு சடங்கு உண்டு. அதை உயிரோடு இரண்டு நாடுகளில் உள்ள சேமிப்பு மையங்களுக்கு அனுப்ப வேண்டும். நாம் எழுதிக் கொடுத்த முறைப்படி அவர்கள் வளர்த்துப் பார்த்து, வளர்ந்தது என்று சான்று தர வேண்டும். இரண்டு சான்றும் இருந்தால்தான் நாம் வைக்கும் பெயர் நிற்கும், கட்டுரை அச்சாகும். அந்தக் கட்டுரையை நம்பித்தான் ஸ்டெல்லாவின் ஆய்வேடு இருந்தது. ஃபெலோஷிப் முடிய எட்டு மாதம் பாக்கி. முடிந்தால் ஊருக்குப் போக வேண்டும், போனால் திரும்பி வர வழியில்லை என்று அவளே சொல்லியிருந்தாள்.

அனுப்பினோம். வெளிநாட்டு மையத்திலிருந்து பதில் வந்தது: வளரவில்லை. ஸ்டெல்லா அதைப் படித்துக் காட்டிய அந்த நிமிடத்தில் எனக்கு மிச்சப் பாதியும் புரிந்துவிட்டது. அவர்கள் வடித்த நீரில் செய்திருப்பார்கள், நோட்டில் இருப்பது அதுதானே? மறுபடி அனுப்பினோம். வளரவில்லை. நம் நாட்டு மையமும் அதையே எழுதியது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அனுப்பும்போது வழியில் ஐஸ் உருகியிருக்கலாம், பார்சல் வெயிலில் கிடந்திருக்கலாம் என்று நானே காரணம் எடுத்துக் கொடுத்தேன். இப்போது எழுதும்போது கூசுகிறது.

டீச்சர் ஒரு சோதனை வைத்தார். ஸ்டெல்லாவும் நானும் ஒரே மேஜையில், ஒரே தராசில், ஒரே நேரத்தில் கூழ் தயாரிக்க வேண்டும். எதிரில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் கண் முன்னால் கேனை எடுக்க முடியுமா? வடித்த நீரைத்தான் ஊற்றினேன். மூன்று வாரம் ஆகியும் இருவர் தட்டும் மொட்டை. துறையில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? "பழனியண்ணனுக்குத் திருஷ்டி பட்டுப் போச்சு" என்றார்கள். அட்டெண்டர் அம்மா ஒருவர் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கூழ் அறை வாசலில் கட்டிவிட்டார். அடுத்த வாரம் தனியாக இருந்தபோது கேனிலிருந்து ஊற்றினேன். பொட்டுகள் வந்தன. திருஷ்டி கழிந்தது என்று எல்லாருக்கும் சந்தோஷம். டீச்சர் இரண்டு வாரத்து நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே வார்த்தைகள்.

அதற்குப் பிறகு ஸ்டெல்லா தட்டைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். "அண்ணே, நீங்களே இழுத்துருங்க" என்று என்னிடம் நீட்டுவாள். முதலில் விளையாட்டாகச் சொன்னாள், பிறகு விளையாட்டு போய்விட்டது. ஒருநாள் மதியம் கண்ணாடி கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மாவ எஸ்டேட்டுல புதுசா நாத்து நடுறப்ப மொத நாத்த தொட விடமாட்டாகண்ணே. எனக்கு முந்தி ரெண்டு பிள்ள தவறிப்போச்சு. ராசியில்லாத கைன்னு ஒதுங்கி நிக்கச் சொல்வாக. நான் இம்புட்டுத் தூரம் படிச்சு வந்ததே அதெல்லாம் பொய்யின்னு காட்டத்தான். இப்பப் பாத்தா எனக்கும் அதே கை வந்திருக்கு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டுக் குடுவை கழுவினேன். எனக்கு ராசியான கை என்றால் இன்னொருத்திக்கு ராசியில்லாத கை என்று ஆகிவிடும் என்பது அதுவரை என் மண்டையில் ஏறவில்லை. கைராசிக்காரன் என்ற பெயரில் நான் தின்றதெல்லாம் அந்தப் பிள்ளையின் இலையிலிருந்து எடுத்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. போர்வெல் மோட்டாரைப் போட்டுக் கேனை நிரப்பிக்கொண்டிருந்தேன். என் மனைவி மரகதம் தென்னை ஓலையை இழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, வாரா வாரம் இந்தத் தண்ணியச் சொமக்கறீங்களே, காலேஜுல குடிக்கத் தண்ணி இல்லீங்களா?"

அவளிடம் மட்டும் எனக்கு மறைக்கத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்டெல்லாவின் அம்மா கதை உட்பட. அவள் ஓலையைக் கீழே போட்டாள்.

"தண்ணி நம்ம போர்வெல்லுது, ராசி மட்டும் உங்குளுதுங்களா? நல்லா இருக்குதுங்க நாயம்! உங்க கைராசிக்கு நீங்க நட்ட முருங்கைக் குச்சி ஒண்ணாவது இந்தத் தோட்டத்துல தளுத்திருக்குதா? அந்தப் புள்ள எத்தன நாளா அளுவுது?"

"மூணு மாசமா."

"நாளைக்கு அந்தக் கேனு அங்க போறப்ப உண்மையும் கூடப் போகோணும். இல்லாட்டி கேன இங்கயே வெச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

திங்கட்கிழமை டீச்சர் ஜன்னலோரம் தட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கேனை அவர் மேஜை மேல் வைத்தேன். "டீச்சர், நான் ஒண்ணு சொல்லோணுங்க" என்றேன். கோடையில் ஆரம்பித்து நேற்றுக் காலை வரை சொன்னேன். அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைக்கவும் இல்லை, என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. சொல்லி முடித்ததும், "எந்தத் தேதியிலேர்ந்து?" என்று கேட்டார். சொன்னேன். "ஸ்டெல்லாவைக் கூப்பிடுங்கோ. அவகிட்டயும் நீங்களே சொல்லணும். நான் சொல்லமாட்டேன்" என்றார்.

ஸ்டெல்லா நின்றபடியே கேட்டாள். கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எப்பருந்துண்ணே ஒங்களுக்குத் தெரியும்?"

அப்போதும் என்னால் பொய் சொல்லியிருக்க முடியும். நேற்றுத்தான் சந்தேகம் வந்தது என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? அந்தப் பொய் நாக்கின் நுனியில் தயாராக நின்றது. மேஜை மேல் கேன் இருந்தது, மரகதம் சொன்னது காதில் இருந்தது.

"மொத லெட்டரு வந்த அன்னிக்கே தெரியுங்கண்ணு. அதுக்கு முந்தியே பாதி தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள், கேட்டுக்கொண்டேன் என்பது போல. பிறகு வெளியே போய்விட்டாள். அன்றிலிருந்து என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். வேலைக்கு வேண்டியதைச் சீட்டில் எழுதி மேஜையில் வைப்பாள். "ஐம்பது தட்டு கழுவ வேண்டும். நாளைக்கு." அவ்வளவுதான். அண்ணே என்ற வார்த்தைகூட இருக்காது.

டீச்சர் அந்த வருடத்து நோட்டுகளை என் முன்னால் வைத்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, 'வடித்த நீர்' என்று பொய்யாக எழுதிய இடத்தில் எல்லாம் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'போர்வெல் நீர், என் வீட்டிலிருந்து' என்று எழுதி, தேதி போட்டு ஒப்பு வைத்தேன். இரண்டு நாள் ஆனது. சில பக்கங்களில் பொய்க்குக் கீழே டீச்சரின் பச்சைக் கையெழுத்து இருந்தது. அந்தப் பக்கங்களைத் திருப்பும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. என்னை நம்பிப் போட்ட கையெழுத்து அது. திருத்திய பிறகு எல்லாவற்றிலும் அவர் மறுபடி கையெழுத்துப் போட்டார். கூழ் அறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கி ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். நான் திரும்பவும் கண்ணாடி கழுவப் போனேன். பிரின்சிபாலுக்கு ஒரு விளக்கக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். தண்டனை என்று சொன்னால் அவ்வளவுதான். போதாது என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஸ்டெல்லா சாவியை வாங்கிய அன்றே கேனிலிருந்து தானே தண்ணீர் ஊற்றி, தானே கூழ் காய்ச்சி, தானே கோடு இழுத்தாள். மூன்றாவது வாரம் தட்டு முழுக்க ரோஜாப் பொட்டு. நான் கழுவும் தொட்டியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஜன்னலோரம் நின்றாள். அன்று மாலை அவள் ஊருக்கு போன் பேசியது காதில் விழுந்தது. "அம்மா, எங்கைக்கு வந்துருச்சும்மா" என்றாள். அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ தெரியாது.

பிறகு நடந்ததுதான் உண்மையான ஆராய்ச்சி. எங்கள் தண்ணீரில் அப்படி என்ன இருக்கிறது? கிழக்குப் பாலக்காட்டுத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குத் தெரியும், பருப்பு வேகாது, குளித்தால் சோப்பு நுரைக்காது. தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி, அதில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக வடித்த நீரில் சேர்த்துப் பார்த்தாள் ஸ்டெல்லா. சுண்ணாம்பு சேர்த்தால் வரவில்லை. இரும்பு சேர்த்தால் வரவில்லை. மாங்கனீசு என்ற உலோகத்தை ஒரு துளி சேர்த்தபோது வந்தது. பாறைக்குள்ளிருந்து எங்கள் தண்ணீரில் கரைந்து வந்தது அதுதான். கடற்பஞ்சுக்குள்ளும் அது இருந்திருக்கிறது, நாங்கள் தயாரித்த கூழில்தான் இல்லாமல் போயிருக்கிறது. புதிய முறையை எழுதி இரண்டு மையங்களுக்கும் அனுப்பினோம். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் சான்று அனுப்பினார்கள். கட்டுரை அச்சானது. ஃபெலோஷிப் முடிய மூன்று வாரம் இருக்கும்போது ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள்.

நான்கு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு எங்கள் கருத்தரங்கக் கூடத்தில் நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பதால் கூடம் நிறைந்திருந்தது. டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு டீ பொறுப்பு. தட்டில் கப்புகளை அடுக்கிக்கொண்டு பின்கதவருகே நின்றேன். தேர்வாளர் வெளியூர் பேராசிரியர், மலையாளி, வெள்ளைத் தாடி வைத்தவர். எல்லாம் ஆங்கிலத்தில்தான். எனக்கு லேப் ஆங்கிலம் புரியும்.

"மாங்கனீசு வேண்டும் என்று உனக்கு எப்படித் தோன்றியது? யாரும் சாதாரணமாக அதைத் தேடிப் போக மாட்டார்களே?" என்று கேட்டார்.

பல வகைத் தண்ணீரை ஒப்பிட்டுப் பார்த்தோம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். கேட்க அழகாகவும் இருக்கும், அவள் பெயரும் உயரும். அப்படித்தான் சொல்வாள், சொல்லட்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"எங்கள் லேப் அசிஸ்டெண்ட் வடித்த நீருக்குப் பதிலாக அவர் வீட்டுத் தண்ணீரை ஊற்றியிருந்தார், சார். நோட்டில் பொய்யாக எழுதியிருந்தார். காரணம் தெரிந்த பிறகும் மூன்று மாதம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு, யாரும் கேட்காமல், அவராகவே வந்து சொன்னார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இன்று காட்ட எதுவும் இருந்திருக்காது."

"யார் அது?"

அவள் கையை நீட்டினாள். கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. டீத்தட்டோடு நின்றேன். ஓடலாம் என்றால் தட்டை வைக்க இடமில்லை. நல்லதையும் கெட்டதையும் ஒரே மூச்சில், ஒன்றைக் கூட்டாமல் ஒன்றைக் குறைக்காமல் அந்தப் பெண் சொல்லிவிட்டாள். அந்த அவமானம் எனக்கு வேண்டியிருந்தது, அந்த மரியாதையும் வேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றாகவே வந்தன.

தேர்வாளர் என்னை அருகே வரச் சொல்லிக் கையசைத்தார். போனேன். ஒரு கப்பை எடுத்து உள்ளே உற்றுப் பார்த்தார்.

"ஈ சாயா ஏது வெள்ளத்திலா?" என்றார் மலையாளத்தில். இந்த டீ எந்தத் தண்ணீரில் போட்டது என்று கேட்கிறார். கூடம் வெடித்துச் சிரித்தது. டீச்சர்கூடச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"காலேஜ் கொளாய்த் தண்ணிங்க சார். எங்கூட்டுத் தண்ணி இல்லீங்க" என்றேன்.

சிரிப்பு அடங்கிய பிறகு மேடையிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் கேட்டது.

"நெசமாவாண்ணே?"

எட்டு மாதம் கழித்து என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. அவள் சிரிக்கவில்லை. கேட்க வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"நெசந்தான் கண்ணு."

அவள் மேடையிலிருந்து இறங்கி வந்து, தட்டிலிருந்து ஒரு கப்பை எடுத்துக் குடித்தாள்.